பல் வரிசை

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனையில்
பல் பிடுங்கும் அறைக்கும்
நாய்க்கடி ஊசி போடும் அறைக்கும் நடுவே
நம்பிக்கை மையம்.
பலகையில் ஒரு புள்ளி உதிர்ந்து நாலு மழையாகிறது.
உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி,
எப்போதும் முழுதாக மூடாத திரைச்சீலை, நான்.

பல் வரிசையில் நிற்பவர்களில்
யாருக்குப் பல் வலிக்கவில்லை என்று
ஆறு வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது.
கன்னத்தில் கைவைக்க மறந்துவிடுவார்கள்.

மன்னார்குடிக்காரர் இங்கே வருவார்.
இந்த ஊர்க்காரர் நாகப்பட்டினம் போவார்.
நாகப்பட்டினத்துக்காரர் காரைக்காலுக்குப் பஸ் ஏறுவார்.
தெரிந்த முகம் இல்லாத ஊர் தேடி
ஒரு துளி ரத்தம் இத்தனை மைல் போகிறது.

கர்ப்பிணிகள் மட்டும் நேராக வருவார்கள்,
அட்டையில் முத்திரை விழ வேண்டுமே.
"உங்க வீட்டுக்காரர் வரலியா?"
"அவங்களுக்கு வேலைங்க."
ஆறு வருடமாக அந்த வேலை முடியவில்லை.

விதைநெல்லை ஈரச்சாக்கில் கட்டி முளை பார்க்கிறார்கள்.
மண்ணைப் பொட்டலம் கட்டி ஆடுதுறைக்குக் கொண்டுபோகிறார்கள்.
கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொட்டி
ஈரம் பதினேழா பதினெட்டா என்று
மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள்.
இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன்.
பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.
"நெல்லுக்கு மானம் இல்லையே மேடம்."
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

சம்பா அறுப்பு நேரம்.
ஆத்தூரிலிருந்து மிஷினோடு வந்தவர்.
இமையில்கூட உமித்தூசி.
பெயர் கேட்டேன்.
நகைக்கடைக் காலண்டரை அண்ணாந்து பார்த்து
"முருகன்" என்றார்.
எழுதிக்கொண்டேன்.
எப்படிப் பரவும், எப்படிப் பரவாது,
இருந்தாலும் மருந்து இருக்கிறது,
யாருக்கும் தெரியாது
என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன்.
தலையாட்டிக்கொண்டே வந்தவர்
"நீங்க பாத்துக்கிட்டீங்களா மேடம்?" என்றார்.

ஆற்றுப்படுத்துநர்.
அரசு எனக்கு வைத்த பெயர்.
ஆறு என்றால் வழி என்றும் ஒரு பொருள் உண்டு,
தண்ணீர் வராத வருடங்களில்
அந்தப் பொருளை வைத்துத்தான் சமாளிக்கிறோம்.
அந்த வழியில் நான் ஓரடி வைத்ததில்லை.
கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம்.
பிள்ளை இல்லை, அதனால் அட்டையும் இல்லை.
அவர் திருப்பூரில்.
பொங்கலுக்கு வருவார்.

ரெஜினா லேபில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.
"ரெண்டு பேர்" என்றேன்.
"ரெண்டாவது ஆள் எங்க?" என்று
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
விரலை நீட்டினேன்.
டீயைக் கீழே வைத்தாள்.

எறும்புக்கடி மாதிரிதான் என்று
ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.
பொய்.
கொஞ்சம் கூடுதல்.

அப்புறம் இருபது நிமிஷம்.
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு
கடைமடையில்
காய்ந்த வாய்க்காலைப் பார்த்து நிற்பதுபோல
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
நிமிர்ந்த நெல் என்றால் ஏக்கருக்கு ஒரு மணி நேரம்,
சாய்ந்த நெல்லை அறுக்க
எதிர்த்திசையில் மிஷினை விட வேண்டும் என்றார்.
"அப்படியா" என்றேன்.
இந்த அறையில் முதல்முறையாக
யாரையும் தேற்றாமல்
ஒருவர் பேசுவதைக் கேட்டேன்.

என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.
அவருடையதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
என்னுடையதும்
அதே பதிவேட்டில், அதே பூட்டுக்குள்
எண்ணாக இருக்கிறது.

அடுத்த மாசியில் மிஷின் மறுபடி வந்தது.
பத்தொன்பது வயசு க்ளீனர்,
பல் வரிசையில் கடைசி ஆளாக
முழுப் பல்லும் தெரிய நின்றுகொண்டிருந்தான்.
"அங்க இல்லடா, இந்த ரூமு"
என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினார்
முருகன் என்று நான் எழுதியவர்.
நாய்க்கடிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.